அரிசிக்காரருக்கு இது போதும்

பரிவாஷைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நான் கவிஞன் அல்ல, அச்சகக்காரன். லாஸ் ஏஞ்சலஸில் ரெசீடா சாலையில் முப்பத்தைந்து வருடமாகக் கல்யாணப் பத்திரிகையும் சாவுப் பத்திரிகையும் ஒரே எந்திரத்தில் அடித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் எஸ்கந்தர். போன மாதம் எங்கள் ஈரானியச் சங்கத்தார் அவளுக்கு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி, "நீங்கதானே நெருங்கிப் பழகினவர், ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று வந்து நின்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பிறந்த ஊர், புத்தகங்களின் பெயர், பாராட்டு எல்லாம் அதில் இருக்கிறது. நடந்தது மட்டும் இல்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்ட நினைப்பவர்கள் வரிசையில் வாருங்கள், எனக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது.

பரிவாஷ் ரஷ்த் ஊர்க்காரி. ஓயாமல் மழை பெய்கிற ஊர் அது. இங்கே வருடத்தில் பத்து நாள் தூறினாலே பெரிய விஷயம். அந்தப் பத்து நாளும், என் கடைக்குப் பக்கத்தில் தான் வேலை பார்த்த தையல் அறையை விட்டு வெளியே வந்து நடைபாதையில் நின்று நனைவாள். "உள்ள வாங்க பரி கானும், சளி பிடிக்கும்" என்று நான் என் கடை வாசலிலிருந்து கத்துவேன். "நீங்க தெஹ்ரான்காரர், உங்களுக்குப் புகைதான் பழக்கம், கதவைச் சாத்திக்கிட்டு உக்காருங்க" என்பாள். பெண்ணுக்குக் கானும், ஆணுக்குக் கான் என்று மரியாதைக்குச் சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கம்.

முப்பது வயதில் அவள் ஊரில் ஒரு சின்னப் புத்தகம் போட்டாள். பதினோரு கவிதைகள். எல்லாம் அந்த வருடம் அரசாங்கம் சுட்டுக் கொன்ற பெண்பிள்ளைகளைப் பற்றியவை. இருநூறு பிரதிதான். ஒரு மாதத்துக்குள் அரசாங்கத்து ஆட்கள் வீட்டுக்குத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவள் அப்போது வீட்டில் இல்லை. தம்பி பஹ்மன் இருந்தான், பூகோள வாத்தியார், இருபத்துநாலு வயது. வந்தவர்களிடம் அக்கா மஷ்ஹதுக்கு யாத்திரை போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அவளைப் பேருந்தில் ஏற்றி நேர் எதிர்த் திசையில் துருக்கி எல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைசிக் கிராமம் வரைக்கும் கூடவே நடந்தான். ஆள் கடத்துகிறவனிடம் அவளை ஒப்படைத்தான். குதிரையில் ஏற்றிவிட்டு, தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, பனியில் சட்டையோடு திரும்பி நடந்தான். அதுதான் அவள் அவனைக் கடைசியாகப் பார்த்தது.

அக்காவைக் கொண்டுபோய் விட்டதற்காக அவனுக்குப் பதினாலு மாதம் சிறை. வாத்தியார் வேலை போயிற்று. பாஸ்போர்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டிலேயே நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, நாஹீத் என்ற நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டு காலத்தைத் தள்ளினான். இதையெல்லாம் பரிவாஷ் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பளிக் கோட்டில் வந்து நின்றுவிடுவாள்.

இங்கே வந்து என் கடைக்கு இரண்டு கடை தள்ளி, ஒரு சலவைக் கடையின் பின் அறையில் தையல் வேலைக்குச் சேர்ந்தாள். கால்சட்டையின் நீளம் குறைப்பது, கல்யாணப் பெண்ணின் உடுப்பில் இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. முப்பத்துநாலு வருடம் அதே நாற்காலி. கவிதையும் எழுதினாள். என் அச்சகத்தில் இரண்டு புத்தகம் போட்டோம், முந்நூறு முந்நூறு பிரதி. பாதிக்கு மேல் இன்னும் என் காகிதம் வெட்டும் எந்திரத்துக்கு அடியில் கிடக்கிறது. ஒரு தடவை பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியை அவள் கவிதைகளை ஆங்கிலத்தில் மாற்றி வாசிக்கக் கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன். நாற்பது நிமிடம் வாசித்தாள். அதற்கப்புறம் கேள்வி நேரம். முதல் கேள்வி, முக்காடு போட்டிருந்தீர்களா? இரண்டாவது கேள்வி, முக்காடு போடச் சொன்னபோது எப்படி இருந்தது? திரும்பும் வழியில் காரில், "அடுத்த தடவை நான் வரல, ஒரு முக்காட்டை மட்டும் அனுப்பி வெக்கிறேன், அதுகிட்டயே கேட்டுக்கட்டும்" என்றாள். சிரித்துச் சிரித்து நான் வழியைத் தவற விட்டேன்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு அவளைத் தெரிந்தது அந்தப் புத்தகங்களால் அல்ல, கல்லறைகளால். இங்கே வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக ஆரம்பித்ததும், கல்லில் நாலு வரி பாரசீகத்தில் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். நான் அவளிடம் போனேன். நூற்றுக்கு மேல் எழுதியிருப்பாள். பல் வைத்தியர், கேக் கடைக்காரர், பழைய ராணுவ அதிகாரி, கைக்குழந்தை என்று எல்லாருக்கும் எழுதினாள். காசு வாங்கமாட்டாள். கேள்வி மட்டும் கேட்பாள். மூன்றே கேள்வி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய கை என்ன செய்யும்? யாரைக் கூப்பிடும்போது அவர் குரல் மாறும்? எதைத் தின்னமாட்டார்? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் ஊசியைக் கீழே வைக்கமாட்டாள். பதில் தெரியாத மகன்களைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பி அம்மாவிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறாள். "பிறந்த தேதியும் செத்த தேதியும் ஆஸ்பத்திரிக்காரன் எழுதுவான். நான் எதுக்கு?" என்பாள்.

2017 கடைசியில் பஹ்மனுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. யார் மனம் எப்படி இளகியதோ தெரியாது. அக்காவும் தம்பியும் இஸ்தான்புல்லில் சந்திப்பது, நவ்ரூஸ் புத்தாண்டை அங்கேயே சேர்ந்து கொண்டாடுவது என்று ஏற்பாடு. மார்ச் பதினாறாம் தேதி அவளுக்கு விமானம். டிக்கெட்டை என் கடையில்தான் அச்செடுத்தாள். "கிழிஞ்சுபோகும், கெட்டிக் காகிதத்துல அடிங்க" என்றாள். கல்யாணப் பத்திரிகைக் காகிதத்தில் அடித்துக் கொடுத்தேன்.

ஜனவரி பதிமூன்று. காலையில் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், போன் வருகிறது. நாஹீத்.

"எஸ்கந்தர் கான், பஹ்மன் போயிட்டார்."

"எங்க போயிட்டார்?" என்று கேட்டேன். முட்டாள்.

அந்தப் பக்கம் அழுகை. நெஞ்சுவலி, இரண்டு நாள் ஆஸ்பத்திரி, முந்தின நாள் மத்தியானம் முடிந்துவிட்டது. நான் கதவைப் பாதியில் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க. தனியா இருக்காங்க, ரத்தக் கொதிப்பு வேற. நாப்பது நாள் துக்கம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். தூர தேசத்தில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை உடனே சொல்லமாட்டார்கள். அழுதால் தோள் கொடுக்க ஆள் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரவும் முடியாது, பாவம், கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைப்பார்கள். என் அப்பா செத்ததை எனக்கு ஏழு மாதம் கழித்துத்தான் சொன்னார்கள். அதுவரை போன் பண்ணும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார் என்பார்கள். ஏழு மாதம் விடாமல் குளித்தவர் உலகத்தில் என் அப்பா ஒருவர்தான். தெரிந்த அன்றைக்கு வீட்டில் இருந்த அத்தனை தட்டையும் உடைத்தேன். என் சொந்த அண்ணனோடு இரண்டு வருடம் பேசவில்லை. அப்படிப்பட்ட நானே நாஹீதிடம், "சரிம்மா, சொல்லல" என்றேன். அதுவும் உடனே சொன்னேன். சொல்லாமல் இருப்பது எனக்கும் சுலபமாக இருந்ததே, அதுதான் காரணம். வேறு ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

"இன்னொண்ணு" என்றாள் நாஹீத். "ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னார். 'என் கல்லுல அக்கா எழுதினதுதான் இருக்கணும், வேற எவன் எழுத்தும் வேணாம்'னு. நீங்கதான் வாங்கித் தரணும். நாப்பதுக்குள்ள கல்லு போட்டாகணும்."

"அக்காவுக்குத் தெரியாம அக்காகிட்டயே எப்படிம்மா வாங்குறது?"

"நீங்க எப்பவும் வாங்குறவர்தானே. அதோட அதா இதையும் வாங்கிடுங்க."

வீட்டுக்குப் போய் என் மனைவி ஷம்ஸியிடம் சொன்னேன். எனக்கு ஒப்பவில்லை, நேராகப் போய்ச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "சொல்லிப் பாருங்க, அன்னிக்கே ரெண்டாவது சாவுப் பத்திரிகையும் அடிக்க வேண்டியதுதான்" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஏழாம் நாள் பஹ்மனுக்காக அல்வா கிண்டினாள். குங்குமப்பூ, பன்னீர் எல்லாம் போட்டு, எங்கள் வழக்கப்படி நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். பரிவாஷுக்கும் ஒரு தட்டு கொண்டுபோனாள். கொடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தாளாம். பரிவாஷ் யாருக்கு என்று கேட்க, ஊரில் ஒரு தூரத்துச் சொந்தம் என்றாள். "நல்ல ஆத்மாவா இருந்திருக்கணும், மாவு கருகாம வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு பரிவாஷ் இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நான் அவள் தையல் அறைக்குப் போனேன். ஷம்ஸி வாங்கி வரச் சொன்ன பத்துக் கிலோ அரிசி மூட்டை என் தோளில் இருந்தது. அதை இறக்கி என் காலடியில் வைத்தேன். இந்த மூட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் அதனால் வந்தது.

"கல்லுக்கு நாலு வரி வேணும், பரி கானும். உங்க ஊர்க்காரர் ஒருத்தர்."

"ரஷ்தா? யாரு, பேரு என்ன?"

"பேரு வேணாமாம். மகன் வெளிநாட்டுல இருக்கான், குடும்பத்துல ஏதோ சண்டை. வரி மட்டும் கேக்குறாங்க."

"என்ன வேலை பார்த்தார்?"

பூகோள வாத்தியார் என்றா சொல்ல முடியும்? கண் கீழே போயிற்று. "அரிசி வியாபாரம்" என்றேன்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே முதல் கேள்வியைக் கேட்டாள். சும்மா இருக்கும்போது கை என்ன செய்யும்? உண்மையான பதில் எனக்குத் தெரியும், அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பஹ்மனுக்கு மேஜையில் கொஞ்சம் டீ சிந்தினால் போதும், விரலால் தொட்டு ஆறு வரைந்துகொண்டிருப்பான். இது செஃபித் ரூத், இது அதில் வந்து சேருகிற கிளை, இங்கே கடல் என்று. அம்மா துணியால் துடைத்துவிட்டு மண்டையில் ஒன்று போடுவாளாம். அதைச் சொன்னால் தீர்ந்தது கதை. "அரிசியை உள்ளங்கையில எடுத்து அளைஞ்சுக்கிட்டே இருப்பாராம்" என்றேன்.

யாரைக் கூப்பிடும்போது குரல் மாறும்? 'அக்கா' என்று எனக்குள் ஒரு குரல் கத்தியது. "மகளை" என்றேன். பஹ்மனுக்குப் பிள்ளையே இல்லை.

எதைத் தின்னமாட்டார்? வாயில் வந்ததைச் சொன்னேன். "பூண்டு."

நிமிர்ந்து பார்த்தாள். "ரஷ்த்காரன் பூண்டு தின்னமாட்டானா? கதை விடாதீங்க எஸ்கந்தர் கான். எங்க ஊர்ல பொறந்த பிள்ளைக்குப் பாலுக்கு முன்னாடி பூண்டைத்தான் காட்டுவாங்க."

"வயித்துப்புண்ணாம்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியில் குத்துகிற ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதுதான் எழுதியது:

அரிசி அளந்த கை இங்கே உறங்குகிறது, மெல்ல நட.
ஊருக்கெல்லாம் அளந்துவிட்டுத் தனக்கு மழையை வைத்துக்கொண்டது.
மகளே, மரக்காலைக் கவிழ்த்து வை.
இனி அளக்க ஒன்றுமில்லை.

நான் படித்துவிட்டு நல்லா இருக்கு என்றேன். "சுமார்தான்" என்றாள். "மனுஷன் கண்ணுக்கு முன்னாடி வரமாட்டேங்குறார். பூண்டு தின்னாத ஆளை நான் எங்கே போய்ப் பிடிக்கிறது? போகட்டும், அரிசிக்காரருக்கு இது போதும்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டையைத் தூக்கினேன். அன்று சாயந்திரமே நாஹீதுக்கு அனுப்பினேன். அவள் படித்துவிட்டு, "இதுல எங்க இருக்கார் அவர்?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கடைசியில், "அக்கா எழுதினதுதானே கேட்டார். அக்கா எழுதினதுதான் இது" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாற்பதாம் நாளுக்கு முன்னால் ரஷ்தில் அதே நாலு வரியைக் கல்லில் வெட்டிப் பஹ்மன் மேல் வைத்தார்கள்.

பரிவாஷ் வெள்ளிக்கிழமை தவறாமல் தம்பிக்குப் போன் பண்ணுவாள். தொண்டையில் ஆபரேஷன், பேசக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார் என்று நாஹீத் சமாளித்தாள். "முப்பத்தி நாலு வருஷம் கழிச்சுப் பாக்கப் போறோம், இவன் போய்த் தொண்டையை அறுத்துக்கிட்டு நிக்கிறான் பாருங்க" என்று என்னிடம் வந்து புலம்பினாள். "போகட்டும், இஸ்தான்புல்ல நான் பேசுறேன், அவன் மேஜையில ஆறு வரையட்டும்." நான் காகிதக் கட்டை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நாற்பது முடிந்தது. சொல்லலாம் என்று பேசிவைத்த நாள் போயிற்று. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று பத்து நாள் ஓட்டினேன். மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் தையல் அறைக்குக் கூப்பிட்டாள். கரும்பச்சைக் கம்பளித் துணியில் கோட்டு ஒன்று தைத்து வைத்திருந்தாள்.

"அன்னிக்குக் குளிர்ல சட்டையோட அனுப்பினேனே, அந்தக் கடனை அடைக்கணும். நாஹீத்கிட்ட அளவு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு சொன்னா, பைத்தியக்காரி. நீங்களும் அவனும் ஒரே தோளு போல. கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

போட்டுக்கொண்டேன். செத்தவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் மரக்கட்டை மாதிரி நின்றேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தோளில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் தடவித் தடவிப் பார்த்தாள். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. "பரி கானும்" என்று ஆரம்பித்தேன். "ம்?" என்றாள். "கை கொஞ்சம் நீளமோ?" என்றேன். தூ! என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

"இருக்கட்டும், அவனுக்குக் கை நீளம்" என்றாள்.

விமானத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஷம்ஸிக்கே பயம் வந்துவிட்டது. இஸ்தான்புல் விமான நிலையத்தில் அந்தப் பெண் யாரைத் தேடி நிற்பாள்? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் ஏழு பேர் கறுப்பு உடுத்திக்கொண்டு, பேரீச்சம்பழத் தட்டோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டினோம். எங்களில் கறுப்பில் கூட்டமாக வந்தால் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அதற்காகத்தான் அப்படிப் போவது.

கதவைத் திறந்தாள். ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "உள்ள வாங்க, உக்காருங்க. டீ போடுறேன்" என்றாள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லத் துணியவில்லை. தண்ணீர் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேஜை மேல் கோட்டு இருந்தது, ஒரு பொத்தான் மட்டும் பாக்கி. ஏழு கண்ணாடிக் குவளையில் டீ ஊற்றி ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள், சர்க்கரைக் கட்டிக் கிண்ணத்தை நடுவில் வைத்தாள், உட்கார்ந்தாள்.

"யாரு?"

ஷம்ஸிதான், "பரி ஜான்... பஹ்மன்" என்றாள்.

"எப்ப?"

"ஜனவரியில. பன்னெண்டாம் தேதி."

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணுவது தெரிந்தது. ஷம்ஸி பக்கம் திரும்பினாள்.

"அப்போ அந்த அல்வா?"

ஷம்ஸி முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நல்லா இருக்குன்னு இன்னொரு துண்டு கேட்டுத் தின்னேனே, ஷம்ஸி. அவனுக்குப் போட்டதையா நான் அப்படித் தின்னேன்?"

கோட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்து வலது கைத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். நிதானமாக, ஒவ்வொரு தையலாக. அப்போதுதான் அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"எஸ்கந்தர் கான். அந்த அரிசிக்காரர்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"பூண்டு தின்னாத ரஷ்த்காரர்."

"மன்னிச்சிடுங்க."

"கல்லு வெட்டியாச்சா?"

"ஆச்சு."

"அதே நாலு வரியா? மகளே, மரக்கால் எல்லாம் அப்படியேவா?"

"அப்படியேதான்."

"யாரு கேட்டது? நாஹீதா?"

"பஹ்மன். ஆஸ்பத்திரியில. அக்கா எழுதினதுதான் இருக்கணும், வேற எவன் எழுத்தும் வேணாம்னு."

மறுபடியும் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு கை முழுசாகக் கழன்று விழுந்தது. "அவன் கை ஆறு வரையும்" என்றாள், யாரும் கேட்காமலே. "என்னைக் கூப்பிடும்போது குரல் மாறும், சின்னப் பிள்ளைக் குரலா ஆயிடும். முட்டை தின்னமாட்டான். ஒரு தடவை கோழி அடைகாக்கிறதைப் பார்த்துட்டான், அதுல இருந்து." இரண்டாவது கையைப் பிரித்தாள். "எழுதிக் குடுத்துட்டு நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேனே, என்ன சொன்னேன்?"

"ஞாபகம் இல்ல, பரி கானும்."

"பொய் சொல்லாதீங்க. இன்னிக்கும் பொய் சொல்லாதீங்க."

"அரிசிக்காரருக்கு இது போதும்னு சொன்னீங்க."

அதற்கப்புறம்தான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. பெண்கள் போய்ப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்லை மாற்றிவிடலாம், அக்கா புதிதாக எழுதி அனுப்பட்டும் என்று நாஹீத் போனில் கெஞ்சினாள். பரிவாஷ் ஒப்பவில்லை. "தூங்குறவன் மேல போட்ட கல்லைப் பேர்க்காதீங்க. உசுரோட இருக்கும்போது ஜெயில்காரன் எழுப்பினது போதும்" என்றாள். விமானம் அவள் இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அவள் எழுதவில்லை. கல்லுக்கு வரி கேட்டு யாராவது போனால், "ஜிப் மாத்தணுமா? இல்லைன்னா போங்க" என்பாள். என் கடை இருக்கிற பக்கத்து நடைபாதையில்கூட நடக்கமாட்டாள், எதிர்ப்பக்கமாகவே போவாள். மழை பெய்த நாளில் வெளியே வந்து நிற்பதும் நின்றுபோயிற்று. எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை நேராகக் கடைக்குள் வந்தாள். சலாம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை. ஒரு ரசீதுத் தாளை மேஜையில் வைத்தாள்.

"என் கல்லுக்கு. நான் போன பிறகு நீங்கதான் வெட்ட வெக்கணும்."

பிரித்துப் பார்த்தேன். அதே நாலு வரி.

"பரி கானும், இது... அரிசிக்காரருக்கு எழுதினது."

"தெரியும்."

"ஊரு சிரிக்கும். நீங்க யாரு, உங்க எழுத்து என்ன, உங்க கல்லுல போய் அரிசி, மரக்கால், மகள்..."

"சிரிக்கட்டும். அவன் அங்க ஒரு பொய்க்கு அடியில தனியாப் படுத்திருக்கான். நானும் அதே பொய்க்கு அடியில படுத்துக்கிறேன்." கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். "ஒரு வார்த்தை மாத்தினீங்க, எந்திரிச்சு வந்து இந்த அச்சகத்தைக் கொளுத்துவேன்."

அவள் என்னோடு பேசியது அதுதான் கடைசி. 2020 நவம்பரில் தையல் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். தொற்று நோய்க் காலம், பத்துப் பேருக்கு மேல் கல்லறைக்குள் விடவில்லை. நாற்பதாம் நாள் கல்லைப் போட்டோம். நான் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு வார்த்தையும் மாறவில்லை. சங்கத்துக்காரர்கள் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய கவிஞருக்கு இதுதானா கிடைச்சது?" என்று என் காதுபடவே சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். பன்னீர் ஊற்றிக் கல்லைக் கழுவுவேன், அப்புறம் எங்கள் வழக்கப்படி கல்லை விரலால் தட்டித் துவா சொல்வேன். போன வாரம் பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு பெண்மணி, புதிதாகக் கணவனை இழந்தவள் போலிருக்கிறது, கல்லைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க சம்சாரமா?"

"இல்லைங்க, சினேகிதி."

"அரிசிக் கடை வெச்சிருந்தாங்களா?"

"இல்லைங்க" என்றேன். "அரிசி என்னோடது."

அவளுக்குப் புரியவில்லை. கையில் இருந்த பூவில் இரண்டை எடுத்துக் கல்லில் வைத்துவிட்டு, "பாவம், மகளாவது வந்து பாக்குறாளா?" என்று கேட்டாள்.